பூகம்பத்தை வரையாத ஓவியங்கள்

வடக்கு மாசிடோனியாவின் தலைநகர் ஸ்கோப்யேயில், பழைய கோட்டையை ஒட்டிய குன்றின் மேல் தற்காலக் கலை அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது. 1963இல் அந்த நகரத்தைச் சிதைத்த பூகம்பம் நேராதிருந்தால் இந்த அருங்காட்சியகமும் இருந்திருக்காது. இந்தக் கதையைக் கேட்டுவிட்டு உள்ளே நுழைகிறவர், இடிந்த சுவர்களையும் பிள்ளையைத் தேடும் தாய்மாரையும் எதிர்பார்த்தால் ஏமாந்துதான் போவார். அங்கே பிகாசோ வரைந்த ஒரு பெண்ணின் தலை இருக்கிறது. விக்டர் வசரேலியின் வடிவக் கணக்குகளும் பியர் சூலாஜின் கறுப்பும் இருக்கின்றன. அலெக்சாண்டர் கால்டர், ஹான்ஸ் ஹார்ட்டுங், ஆந்த்ரே மாசோன், கிறிஸ்டோ என்று பெயர்கள் நீள்கின்றன. பூகம்பத்தைத்தான் காணவில்லை.

பேரிடரிலிருந்து மீண்ட ஊர் ஒன்று ஓவியக் கண்காட்சிக்கு அழைப்பு விடுத்தால், நடந்ததை வரையுங்கள் என்றுதான் வழக்கமாகக் கேட்கும். ஸ்கோப்யேக்காக எழுந்த வேண்டுகோள் அப்படிக் கேட்கவில்லை. உங்களிடம் இருப்பதில் ஒன்றைக் கொடுங்கள் என்றது. கேட்ட விதத்தில் இருந்த இந்தச் சின்ன வித்தியாசம் எவ்வளவு தூரம் போனது என்பதை அறிய, இதற்குப் பின் இத்தாலியில் நடந்த இரண்டு முயற்சிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

1963 ஜூலை 26, அதிகாலை 5.17. நிலநடுக்கத்தின் அளவு 6.1தான். உலகப் பூகம்பங்களின் வரிசையில் இது பெரிய எண் அல்ல. ஆனால் அதிர்வின் மையம் ஏறக்குறைய நகரத்துக்கு நேர் கீழே, அதிக ஆழமில்லாமல் அமைந்திருந்தது. ஊர் உறங்கிக்கொண்டிருந்த நேரம். 1,070 பேர் இறந்தார்கள். வீடுகளில் முக்கால்வாசிக்கும் மேல் இடிந்தோ, குடியிருக்க முடியாதபடி விரிசல் கண்டோ போயின. ரயில் நிலையத்தின் பாதி சரிந்தது. மீதிப் பாதியின் முகப்பில் கடிகாரம் 5.17இலேயே நின்றுவிட, அந்தக் கட்டடத்தை அப்படியே விட்டு நகர அருங்காட்சியகம் ஆக்கினார்கள்.

ஸ்கோப்யே அப்போது யூகோஸ்லாவியாவில் இருந்தது. டிட்டோவின் யூகோஸ்லாவியா கம்யூனிஸ்ட் நாடுதான், ஆனால் மாஸ்கோவின் சொல் கேட்காத நாடு. அணிசேரா நாடுகளின் முதல் உச்சி மாநாட்டை 1961இல் பெல்கிரேடில் நடத்தியிருந்தது. எந்த முகாமிலும் சேராதிருந்ததற்கு இந்த வேளையில் ஒரு லாபம் கிடைத்தது: இரண்டு முகாம்களும் உதவிக்கு ஓடிவந்தன. கியூபா ஏவுகணை நெருக்கடி முடிந்து ஒன்பது மாதம்கூட நிறையவில்லை. அதற்குள் அமெரிக்க ராணுவத்தின் கள மருத்துவமனையும் சோவியத் ராணுவத்தின் பொறியாளர் பிரிவும் ஒரே ஊரின் இடிபாடுகளுக்கு நடுவே வேலை செய்தன. ஆகஸ்டில் சோவியத் தலைவர் குருஷ்சேவ் நேரில் வந்து பார்த்தார்.

அந்த அக்டோபரில் நியூயார்க்கில் சர்வதேசக் கலைஞர் சங்கத்தின் மாநாடு கூடியது. ஸ்கோப்யே நகரத்துக்கு ஒரு கலைத் தொகுப்பை உருவாக்கித் தருவோம், உலகக் கலைஞர்கள் தங்கள் படைப்புகளை அனுப்ப வேண்டும் என்ற வேண்டுகோள் அங்கிருந்து எழுந்தது. 1964 பிப்ரவரியில் நகர மன்றம் முறைப்படி அருங்காட்சியகத்தை நிறுவியது. கட்டடம் கிடையாது, சொந்தமாக வாங்கிய ஓவியம் என்று சொல்ல ஒன்றும் கிடையாது. போரிஸ் பெட்கோவ்ஸ்கி என்ற கலை வரலாற்றாளர் முதல் இயக்குநர் ஆனார். பெட்டிகள் வரத் தொடங்கின.

வந்தவை எத்தகையவை என்பதில் அந்தக் காலத்தின் பெரிய முரண் ஒன்று இருக்கிறது. 1962 டிசம்பரில் மாஸ்கோவின் மானேஷ் கண்காட்சிக் கூடத்தில் நவீன ஓவியங்களைப் பார்த்துக் குருஷ்சேவ் கொதித்ததும், அங்கிருந்த ஓவியர்களைக் கண்டபடி ஏசியதும் உலகறிந்த செய்தி. அடுத்த சில வாரங்களில் டிட்டோவும் தம் உரைகளில் அரூபக் கலையைச் சாடினார். பொதுவாக இந்த விஷயத்தில் தாராளமாக இருந்த யூகோஸ்லாவியாவில் அது கலைஞர்களைத் திகைக்க வைத்தது. 1963 ஜூலையில் பூகம்பம் வந்தது. உதவி என்ற பெயரில் வந்து இறங்கியவற்றில் பெரும் பகுதி அரூப ஓவியம். தலைவர்கள் என்ன சொன்னாலும், பேரிடரில் வந்த உதவியைத் திருப்பி அனுப்ப எந்த அரசாலும் முடியாது. கலைக் கொள்கை விவாதங்களில் தோற்றிருக்கக்கூடிய ஓவியங்கள் நிவாரணப் பொருளாக எல்லை கடந்துவிட்டன. இது யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. அதனாலேயே இந்தக் கதையில் இதைவிடச் சுவையான பகுதி வேறில்லை என்று தோன்றுகிறது.

பிகாசோ கொடுத்தது 1963இல் அவர் வரைந்த ‘பெண்ணின் தலை’. அதில் ஸ்கோப்யேயைப் பற்றி ஒரு கோடுகூட இல்லை. அதே பிகாசோதான் 1937இல் குண்டு வீசப்பட்ட ஊர் ஒன்றுக்காகக் ‘குவர்னிக்கா’ வரைந்தவர். துயரத்தை வரையத் தெரியாதவர் என்று யாரும் அவரைச் சொல்ல முடியாது. ஆனால் இங்கே அவரிடம் யாரும் அதைக் கேட்கவில்லை. அவரும் தம் பட்டறையில் அன்றாடம் செய்துகொண்டிருந்ததில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார்.

கொடையாகச் சேரும் தொகுப்புகளுக்கு ஒரு குறை உண்டு. கலைஞர் எதைத் தர நினைக்கிறாரோ அதுதான் வரும். சிலர் தங்கள் சிறந்ததைத் தருவார்கள், சிலர் விற்காமல் கிடப்பதைத் தருவார்கள். பெரிய பெயர்க்காரர்கள் பெரிய ஓவியத்துக்குப் பதிலாக ஒரு அச்சுப் பிரதியோடு கடமையை முடித்துக்கொள்வதும் உண்டு. ஸ்கோப்யே தொகுப்பிலும் இந்த ஏற்ற இறக்கம் இருக்கிறது. ஆனால் அதே காரணத்தால் வேறெங்கும் கிடைக்காத ஒன்று அங்கே கிடைத்தது. அந்த நாளில் பாரிஸ் அருங்காட்சியகம் ஒன்று பாரிஸையும் நியூயார்க்கையும் வாங்கும். மாஸ்கோ தன் அதிகாரபூர்வ ஓவியர்களை வாங்கும். வார்சாவின் அரூப ஓவியரையும் லத்தீன் அமெரிக்காவின் ஓவியரையும் நியூயார்க்கின் ஓவியரையும் ஒரே சுவரில், ஒரே மதிப்பில் மாட்டுவதற்கு எந்த நிபுணர் குழுவும் அன்று பரிந்துரைத்திருக்காது. தேர்வாளர் இல்லாததே அந்தத் தொகுப்புக்கு அறுபதுகளின் உண்மையான குறுக்குவெட்டுத் தோற்றத்தைத் தந்துவிட்டது.

ஓவியங்கள் வந்துவிட்டன, மாட்டச் சுவர் வேண்டுமே? போலந்து அரசு கட்டடத்தை அன்பளிப்பாகத் தர முன்வந்தது. இரண்டாம் உலகப் போரில் வார்சா எப்படித் தரைமட்டமானது என்பதை நினைத்தால் இந்தப் பெருந்தன்மையின் வேர் புரியும். ஸ்கோப்யேயை மீட்டெழுப்பும் ஐ.நா. திட்டத்துக்குப் பொறுப்பேற்ற அடால்ஃப் சிபொரோவ்ஸ்கியும் வார்சாவின் தலைமைக் கட்டட வல்லுநராக இருந்தவர்தான். அருங்காட்சியகத்துக்காகப் போலந்தில் ஒரு வடிவமைப்புப் போட்டி நடந்தது. ஆஸ்கர் ஹான்சென் என்பவர் தந்த வரைவில் காட்சிக்கூடங்கள் தரைக்குள் மடங்கிக் கிடக்கும். தேவைப்படும்போது ஹைட்ராலிக் தண்டுகள் அவற்றை மேலே தூக்க, குடையைப் போல விரிந்து சுழலும். ஆடிய பூமியில் அசையும் கட்டடம்! துணிச்சல்தான், ஆனால் நடுவர்கள் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை. ‘புலிகள்’ என்று செல்லமாக அழைக்கப்பட்ட மூன்று வார்சாக் கட்டடக் கலைஞர்களின் அடக்கமான, தட்டையான வடிவமே தேர்வாகி, 1970 நவம்பர் 13 அன்று திறக்கப்பட்டது. வார்சாவில் கம்யூனிஸ்ட் கட்சியின் தலைமையகத்தைக் கட்டியவர்களும் இதே மூவர்தான். ஹான்செனின் வரைவு இன்று கட்டடக் கலை நூல்களில் மட்டும் விரிந்து சுழல்கிறது.

வீடில்லாதவனுக்கு ஓவியம் எதற்கு? இந்தக் கேள்வியைத் தவிர்த்துவிட்டு இப்படிப்பட்ட கட்டுரை எழுதக் கூடாது. ஸ்கோப்யேயில் இதற்குப் பதில் ஓரளவு நேர்மையாகவே இருக்கிறது. ஓவியங்கள் நன்கொடை, கட்டடமும் நன்கொடை. வீடு கட்ட வைத்த பணம் இதற்குப் போகவில்லை. பல நாடுகள் தந்த ஆயத்த வீடுகளைக் கொண்டு புறநகர்க் குடியிருப்புகள் எழுந்தன. ஹிரோஷிமாவின் அமைதி நினைவகத்தை வடிவமைத்த ஜப்பானியர் கென்சோ டாங்கே, நகர மையத்துக்கான ஐ.நா. போட்டியில் 1965இல் ஜாக்ரெப் குழு ஒன்றோடு சேர்ந்து முதலிடம் பெற்றார். சுவிட்சர்லாந்து கொடுத்த பெஸ்டலோட்சி பள்ளி 1969இல் முடிந்தது. அதன் அடித்தளத்தில் ரப்பர் கட்டைகள் வைக்கப்பட்டன. பூகம்ப அதிர்வு மேலே ஏறாமல் தடுக்க ஒரு கட்டடத்தை ரப்பர் மேல் நிறுத்தியது உலகில் அதுவே முதல் முறை. கலைக்கூடம் இந்த வேலைகளோடு சேர்ந்து நடந்த ஒரு வேலை. அதைத் தனியே பிரித்து ஆடம்பரம் என்று சொல்வது எளிது, ஆனால் பொருந்தாது.

இத்தாலியின் கதை இவ்வளவு நேராகப் போகாது.

1980 நவம்பர் 23, ஞாயிற்றுக்கிழமை, இரவு 7.34. நேப்பிள்ஸுக்குக் கிழக்கே இர்ப்பீனியா மலைப்பகுதியில் 6.9 அளவிலான பூகம்பம், ஏறக்குறைய ஒன்றரை நிமிடம் நீடித்தது. 3,000 பேரளவில் இறந்தார்கள். ஏறக்குறைய 2,80,000 பேர் வீடிழந்தார்கள். மீட்புப் படைகள் மலைக் கிராமங்களுக்குப் போய்ச் சேர நாள்கணக்கில் ஆனது. நவம்பர் 26 அன்று நேப்பிள்ஸின் ‘இல் மத்தீனோ’ நாளிதழ் முதல் பக்கம் முழுக்க இரண்டே சொற்களைத் தலைப்பாகப் போட்டது: ‘சீக்கிரம் செய்யுங்கள்’. நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்த குடியரசுத் தலைவர் சாண்ட்ரோ பெர்த்தினி அதே நாள் தொலைக்காட்சியில் தோன்றி, தம் நாட்டு அரசு இயந்திரத்தையே வெளிப்படையாகக் கண்டித்தார்.

நேப்பிள்ஸில் லூச்சோ அமேலியோ என்றொரு கலை வணிகர் இருந்தார். பூகம்பத்துக்கு ஏழு மாதங்களுக்கு முன்புதான் ஆண்டி வார்ஹாலையும் ஜோசப் பாய்ஸையும் தம் கூடத்தில் சந்திக்க வைத்து ஊரையே பேச வைத்தவர். உலகின் முன்னணிக் கலைஞர்களுக்கு இப்போது அவர் மீண்டும் அழைப்பு விடுத்தார். இம்முறை பூகம்பம்தான் பொருள். ‘டெர்ரே மோட்டுஸ்’ என்று லத்தீனில் பெயர் வைத்தார். கீத் ஹேரிங், ராபர்ட் மேப்பில்தார்ப், கெர்ஹார்ட் ரிக்டர், அன்செல்ம் கீஃபர், யானிஸ் குனெல்லிஸ், மிக்கேலாஞ்சலோ பிஸ்தொலெத்தோ என்று எழுபதுக்கும் மேற்பட்ட படைப்புகள் அடுத்த சில ஆண்டுகளில் சேர்ந்தன.

வார்ஹால் ‘இல் மத்தீனோ’வின் அந்த முதல் பக்கத்தையே எடுத்துப் பெரிதாக்கி, மூன்று திரைகளில் அச்சிட்டார். விமான விபத்துச் செய்தியையும் மின்சார நாற்காலியையும் அறுபதுகளிலேயே இப்படிக் கையாண்டவர் அவர். அதனால் இதில் புதிதாக என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் உண்டு. கேட்கலாம். ஆனால் மறுநாள் பழைய காகிதமாகிவிடும் ஒரு நாளிதழின் கூக்குரலை, மறைய விடாமல் பிடித்து வைத்தவை அந்தத் திரைகள்தான். 2011 நவம்பரில் இத்தாலி கடன் நெருக்கடியில் தத்தளித்தபோது, ‘இல் சோலே 24 ஓரே’ என்ற பொருளாதார நாளிதழ் அதே இரண்டு சொற்களை அதே மாதிரிப் பெரிய எழுத்தில் முதல் பக்கத்தில் போட்டது. இடிபாட்டில் சிக்கியவர்களுக்காக எழுந்த குரல், முப்பது ஆண்டில் வட்டி விகிதத்துக்கான குரலாக மாறியிருந்தது. இதற்கு வார்ஹாலைப் பாராட்டுவதா நொந்துகொள்வதா என்பது அவரவர் விருப்பம்.

பாய்ஸ் 1981 ஏப்ரலில் செய்தது இன்னும் நேரடியானது. ‘அரண்மனையில் பூகம்பம்’ என்று பெயர். பழைய மர மேசைகளின் கால்களுக்கு அடியில் கண்ணாடிக் குடுவைகளை முட்டுக் கொடுத்தார். தரையெங்கும் கண்ணாடிச் சில்லுகள். ஒரு விரல் பட்டால் எல்லாம் சரியும் என்ற அச்சம் பார்ப்பவர் உடம்பில் தொற்றிக்கொள்ளும். வார்த்தையால் விளக்கத் தேவையில்லாத படைப்பு இது. டெர்ரே மோட்டுஸ் தொகுப்பில் பூகம்பத்தை நேரடியாக உணர வைப்பது இது ஒன்றுதான் என்று சொன்னாலும் பெரிதாக யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

1984இல் இந்தத் தொகுப்பு எர்கொலானோவில் காட்சிக்கு வந்தது. வெசூவியஸ் எரிமலை கி.பி. 79இல் புதைத்த பழைய நகரம் இருக்கும் அதே ஊர். 1987இல் பாரிஸின் கிராண்ட் பாலே மாளிகைக்குப் போனது. 1994இல் அமேலியோ இறந்தபோது, கசெர்த்தா அரச மாளிகைக்கு எல்லாவற்றையும் உயில் எழுதி வைத்திருந்தார். பூர்போன் மன்னர்களின் 1,200 அறைகள் கொண்ட அந்த மாளிகையின் பொன் வேலைப்பாடுகளுக்கு நடுவே பூகம்ப ஓவியங்கள் தொங்குவதைப் பார்க்க யாருக்கும் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

அதைவிடப் பெரிய சங்கடம் மலைக் கிராமங்களில் நடந்துகொண்டிருந்தது. பாதிக்கப்பட்ட ஊர்களின் பட்டியல் ஆண்டுக்கு ஆண்டு பெருத்து 687 ஆனது. அவற்றில் பேரழிவுக்குள்ளானவை என்று வகைப்படுத்தப்பட்டவை 37 மட்டுமே. புனரமைப்பு ஒப்பந்தங்களில் கமோரா என்ற நேப்பிள்ஸ் குற்றக் கும்பல் கொழுத்தது. கடைசியில் ஆஸ்கர் லூயிஜி ஸ்கால்ஃபரோ தலைமையில் நாடாளுமன்ற விசாரணைக் குழுவே அமைக்க வேண்டி வந்தது. அமேலியோவின் தொகுப்பு உலகம் சுற்றிய ஆண்டுகளும் பணம் காணாமல் போன ஆண்டுகளும் ஒன்றுதான். இதற்காக ஓவியர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் பூகம்பத்தையே பொருளாகக் கொண்ட கண்காட்சி, பூகம்பத்துக்குப் பின் நடந்ததைப் பற்றி ஏறக்குறைய மௌனமாக இருந்தது என்பதைக் குறிப்பிடாமல் இருக்க முடியாது. பூமி ஒன்றரை நிமிடம் ஆடியதைத்தான் அவர்களிடம் கேட்டிருந்தார்கள். அதன் பிறகான பத்தாண்டு யாருடைய பொருளாகவும் இருக்கவில்லை.

சிசிலித் தீவின் ஜிபெல்லீனா இந்த வரிசையில் சேர்வதற்குக் காரணம் அல்பெர்த்தோ பூர்ரி. ஸ்கோப்யேக்குப் படைப்பு கொடுத்தவர்களில் அவரும் ஒருவர். மருத்துவராக இத்தாலியப் படையில் இருந்து பிடிபட்டு, டெக்சாஸ் கைதி முகாமில் ஓவியம் வரையத் தொடங்கியவர். சாக்குத் துணியைத் தைத்தும் பிளாஸ்டிக்கை எரித்தும் ஓவியம் செய்தவர். 1968 ஜனவரியில் பெலிச்சே பள்ளத்தாக்கைப் பூகம்பம் தாக்கியபோது ஜிபெல்லீனா முழுதாக அழிந்தது. ஊரை ஏறக்குறைய 20 கிலோமீட்டர் தள்ளிப் புதிதாகக் கட்ட முடிவு செய்தார்கள். மக்கள் தகரக் கொட்டகைகளில் பத்தாண்டுக்கும் மேலாகக் காத்துக் கிடந்தார்கள். ஊர்த் தலைவர் லுடோவிகோ கொர்ராவோ கலைஞர்களை வரவழைத்தார். ரெனாத்தோ குத்தூசோ 1970இல் ‘ஜிபெல்லீனாவின் இரவு’ வரைந்தார். பியெத்ரோ கொன்சாக்ரா ஊர் எல்லையில் மாபெரும் எஃகு நட்சத்திரம் நிறுத்தினார்.

புது ஊர் அகன்ற தெருக்களும் சிற்பங்களுமாக எழுந்தது. அந்த அகலத்தை நிரப்ப ஆட்கள்தான் இல்லை. லுடோவிகோ குவாரோனி வடிவமைத்த பெரிய தேவாலயத்தின் கூரை 1994இல் விழுந்தது. பூகம்பம் ஏதுமில்லை, தானாகவே விழுந்தது. வீடில்லாதவனுக்கு ஓவியம் எதற்கு என்ற கேள்விக்கு ஸ்கோப்யேயிடம் இருந்த பதில் ஜிபெல்லீனாவிடம் இல்லை. இங்கே கலை, வாழ்க்கைக்கு முன்னால் ஓடிவிட்டது.

பூர்ரி புது ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இங்கே எனக்கு வேலையில்லை என்று ஒதுங்கிக்கொண்டார். பழைய ஊரின் இடிபாட்டுக்குப் போனார். அந்த இடிபாடுகளையே மூடி, ஏறக்குறைய 80,000 சதுர மீட்டர் பரப்பில் வெள்ளைக் கான்கிரீட் பாளங்களாக்கினார். பாளங்களின் உயரம் 1.6 மீட்டர். அவற்றுக்கு இடையிலுள்ள பிளவுகள் பெரும்பாலும் பழைய தெருக்களின் வழியிலேயே போகின்றன. 1985இல் தொடங்கிய வேலை 1989இல் பணமின்றி நின்றது. 1995இல் அவர் இறந்தார். அவர் பிறந்த நூறாம் ஆண்டான 2015இல்தான் மீதி முடிந்தது. ஸ்கோப்யேக்குத் தம் பட்டறையிலிருந்து ஒரு படைப்பை அனுப்பிய அதே மனிதர், தம் நாட்டில் ஒரு ஊரின் பிணத்தின் மேலேயே வேலை செய்தார். முன்னதை எந்தக் காட்சிக்கூடத்துக்கும் எடுத்துப் போகலாம். பின்னதை அங்கே போய்த்தான் பார்க்க வேண்டும். பேரிடர்க் கலையின் இரண்டு எல்லைகள் இவை, இரண்டையும் ஒருவரே தொட்டிருக்கிறார்.

ஸ்கோப்யேக்கு இதற்கிடையில் இரண்டாம் அடி விழுந்தது, இம்முறை அரசிடமிருந்து. ‘ஸ்கோப்யே 2014’ என்ற பெயரில் 2010இல் அறிவிக்கப்பட்ட திட்டம், நகர மையத்தைச் சிலைகளாலும் கிரேக்கப் பாணித் தூண்களாலும் நிரப்பியது. பூகம்பத்துக்குப் பின் எழுந்த நவீனக் கட்டடங்கள் சிலவற்றின் மேல் போலிப் பழமை முகப்புகள் ஒட்டப்பட்டன. 50 கோடி யூரோவுக்கும் மேல் செலவானது. மக்கள் 2016இல் வண்ணப் பொட்டலங்களை எறிந்து அந்த வெள்ளை முகப்புகளைக் கறையாக்கினார்கள். மீண்டெழுந்த காலத்தின் கான்கிரீட்டை மறைக்க நினைத்தவர்களுக்குக் குன்றின் மேலிருந்த போலந்துக் கட்டடம் கைக்கெட்டாமல் தப்பித்தது.

பூகம்பத்தின் அறுபதாம் ஆண்டான 2023இல் வியன்னாவின் குன்ஸ்ட்ஹாலே கலைக்கூடம், ‘ஒருமைப்பாட்டுத் தொகுப்பு’ என்று அழைக்கப்படும் ஸ்கோப்யேயின் இந்தக் கொடைத் தொகுப்பைத் தன் கூடத்துக்கு வரவழைத்தது. கண்காட்சியை நடத்தியவர்கள் ஜாக்ரெபில் தோன்றிய ஒரு பெண்கள் குழு. எதைக் காட்டுவது என்பதைத் தாங்களே தீர்மானிக்காமல், இன்றைய கலைஞர்கள் சிலரை ஸ்கோப்யே தொகுப்பிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் புரூக் ஆண்ட்ரூ, இஸ்தான்புல்லின் குல்சுன் கரமுஸ்தஃபா, ஸ்கோப்யேயைச் சேர்ந்த யானே சலோவ்ஸ்கி, ஹ்ரிஸ்டினா இவனோஸ்கா போன்றோர் தங்கள் படைப்புகளோடு, தாங்கள் எடுத்தவற்றையும் சேர்த்து வைத்தார்கள். தேர்வாளர் இல்லாமல் சேர்ந்த ஓவியங்களுக்கு அறுபதாண்டு கழித்துப் பல தேர்வாளர்கள் வந்தார்கள். புகழ்பெற்ற பெயர்களின் பக்கத்திலேயே, கலை வரலாற்று நூல்கள் தவறவிட்ட பெயர்களும் மாட்டப்பட்டன. பிகாசோவின் ‘பெண்ணின் தலை’க்காக வந்த பார்வையாளர், 1960களின் கிழக்கு ஐரோப்பிய ஓவியர் ஒருவர் முன்னால் நின்று பெயர்ப்பலகையைக் குனிந்து படிக்க வேண்டியிருந்தது.